15 மீட்டர் வட்டத்திலிருந்து 10 மீட்டர் வட்டத்துக்கு

அமெரிக்காவில் டிரெஸ்ஸாஜ் என்ற, குதிரையை வகுத்த அசைவுகளில் நடத்திக் காட்டும் போட்டிகளுக்குப் போகும் அமெச்சூர் சவாரிக்காரர்களிடம் ஒரே கதையை அடிக்கடி கேட்கலாம். ஃபர்ஸ்ட் லெவலில் 67, 68 சதவீதம் வாங்கிக்கொண்டிருந்தவர், அடுத்த சீசனில் அதே குதிரையோடு செகண்ட் லெவலுக்குப் போகிறார். மதிப்பெண் தாளில் 56 என்று வருகிறது. குதிரைக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வழியையும் அவர் மறக்கவில்லை, எந்த அசைவையும் விட்டுவிடவில்லை. ஆனாலும் தாளின் ஓரத்தில், எடை முன்னால் விழுகிறது, முன்பக்கம் இன்னும் எழ வேண்டும் என்று நடுவரின் குறிப்புகள் வரிசையாக இருக்கின்றன.

அந்தக் குறிப்புகளுக்கு என்ன பொருள்? ஒரு படி ஏறும்போது குதிரையின் உடம்பில் உண்மையில் என்ன மாற வேண்டும்? இதில் இருக்கும் இயற்பியல் அழகானது.

டிரெஸ்ஸாஜ் என்ற சொல் 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணி தங்கம் வென்றபோது நம்மூர்ச் செய்திகளிலும் வந்தது. 20 மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளம் கொண்ட மணல் திடல். ஓரமெல்லாம் எழுத்துப் பலகைகள். எந்த எழுத்தில் எந்த அசைவு என்று முன்கூட்டியே வகுத்திருப்பார்கள். ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். 5 என்றால் ஏதோ சமாளித்தது, 6 என்றால் திருப்தி, 7 என்றால் ஓரளவு நன்று. அமெரிக்காவில் இன்ட்ரோடக்டரி, டிரெயினிங் என்று தொடங்கி, அதற்கு மேல் ஃபர்ஸ்ட் முதல் ஃபோர்த் வரை படிகள் இருக்கின்றன. சர்வதேசப் போட்டிகளின் படிகள் அதற்கும் மேலே. ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் மூன்றிலும் தலா இரண்டு முறை 60 சதவீதம் எடுத்தால் அமெரிக்க டிரெஸ்ஸாஜ் கூட்டமைப்பு வெண்கலப் பதக்கம் தருகிறது. பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு மாலையில் லாயத்துக்கு ஓடும் பலருக்கு அந்தப் பதக்கம்தான் கனவு. அந்தக் கனவு பெரும்பாலும் முட்டி நிற்கும் இடம் செகண்ட் லெவல்.

முதலில் குதிரையின் எடைக் கணக்கைப் பார்த்துவிடலாம். சும்மா நிற்கும் குதிரையின் எடையில் 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக முன்னங்கால்களில் இருக்கிறது. கழுத்தும் தலையும் முன்னால் நீண்டிருப்பதே காரணம். 500 கிலோ குதிரை என்றால் முன்னால் 290 கிலோ அளவுக்கு, பின்னால் 210. மேயவும் ஓடவும் இந்த ஏற்பாடு போதும். முதுகில் ஒரு மனிதரை ஏற்றிக்கொண்டு சின்ன வட்டத்தில் திரும்ப வேண்டும் என்னும்போதுதான் இடிக்கிறது.

ஃபர்ஸ்ட் லெவலில் கேண்டர் என்ற மிதமான பாய்ச்சல் ஓட்டத்தில் 15 மீட்டர் விட்டமுள்ள வட்டம் போட வேண்டும். செகண்டில் அது 10 மீட்டர். ஐந்து மீட்டர்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வட்டத்தில் ஓடும் எதற்கும் மையத்தை நோக்கி இழுக்கும் விசை வேண்டும். அதன் அளவு வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் வருவதைப் பொறுத்தது. சாதாரண கேண்டரில் குதிரை நொடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் போகிறது. 15 மீட்டர் வட்டத்தில் அந்த வேகத்துக்கு, சைக்கிள்காரர் வளைவில் சாய்வது போலக் குதிரை சாய்ந்தால், சாய்வு 12 பாகை வரும். அதே வேகத்தில் 10 மீட்டர் வட்டத்துக்குள் நுழைந்தால் 18 பாகை. அந்தச் சாய்வில் உள்பக்க முன்னங்கால் தடுமாறும், பின்பக்கம் வட்டத்துக்கு வெளியே வழுக்கும், சவாரிக்காரர் ஒரு பக்கமாகச் சரிவார். அப்புறம் குதிரை தானாகவே டிராட் என்ற, அதைவிட மெதுவான ஓட்டத்துக்கு இறங்கிவிடும்.

வேகத்தைக் குறைத்தால் போயிற்று என்று நினைக்கலாம். குறைத்தே ஆக வேண்டும். ஆனால் குறைக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பழந்தமிழில் குதிரையின் ஓட்டத்தைக் 'கதி' என்றார்கள், ஐந்து கதி என்று பிரித்தும் வைத்தார்கள். இசையின் தாளத்துக்கும் குதிரையின் ஓட்டத்துக்கும் ஒரே சொல், எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. கேண்டர் மூன்று தட்டுக் கதி: ஒரு பின்னங்கால், அடுத்து மூலைவிட்டமாக ஒரு ஜோடி, கடைசியாக முன்னங்கால், பிறகு நான்கு குளம்பும் காற்றில் இருக்கும் ஒரு கணம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை இது சுழல்கிறது. சோர்ந்துபோய் மெதுவாகும் குதிரையில் தாளம் இழுபடும், காற்றில் நிற்கும் அந்தக் கணம் மறைந்துபோகும். நடுவர் கேட்பது வேறு: தாளம் அதே 100-ல் இருக்க வேண்டும், ஒவ்வொரு எட்டும், அதாவது ஒரு சுழற்சியில் தாண்டும் தூரம், மட்டும் சுருங்க வேண்டும்.

நன்கு பயிற்சி பெற்ற குதிரைகளைப் படம்பிடித்து அளந்தபோது சாதாரண கேண்டரில் ஒரு எட்டு 2.3 மீட்டரைத் தாண்டியது, சுருக்கிய கேண்டரில் 2 மீட்டர் அளவில் வந்தது. தாளம் ஏறக்குறைய மாறவில்லை. வேகம் நொடிக்கு 3.3 மீட்டருக்கு இறங்கியது. இப்போது அந்த 3.3-ஐ 10 மீட்டர் வட்டத்தில் போட்டுப் பாருங்கள். சாய்வு மறுபடியும் 12 பாகை! 15 மீட்டர் வட்டத்தில் சாதாரண கேண்டருக்கு வந்த அதே அளவு. இந்தக் கணக்கை முதல் தடவை போட்டுப் பார்த்தபோது நான் சிறிது நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டிப் படிகளை வகுத்தவர்கள் கண்ணாலும் கை உணர்வாலும் கண்டதை வர்க்கமும் ஆரமும் அப்படியே சொல்கின்றன.

இப்படி எட்டைச் சுருக்கித் தாளத்தைக் காப்பாற்றுவதைத்தான் கலெக்‌ஷன் என்கிறார்கள். முன்னே போக வேண்டிய வலுவில் ஒரு பங்கு மேலே போகிறது. அதை எப்படிச் செய்கிறது குதிரை?

நமக்குக் காறையெலும்பு இருக்கிறது. தோளை நெஞ்சோடு இணைப்பது அது. குதிரைக்கு அந்த எலும்பே இல்லை. அதன் முன்னங்கால்கள் இரண்டும் உடலோடு எலும்பால் இணையவில்லை, தசையால் மட்டுமே இணைந்திருக்கின்றன. நம் வீடுகளில் குழந்தைக்குக் கட்டும் தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னங்கால்கள் இரண்டு தூண்கள். தோள்பட்டையிலிருந்து விலா எலும்புக்கு ஓடும் அகலமான தசைகள்தான் துணி. அந்தத் துணியில் நெஞ்சுக்கூடு தொங்குகிறது. துணி தளர்ந்தால் நெஞ்சு இரண்டு கால்களுக்கும் நடுவில் தாழ்கிறது. இறுகினால் மேலே எழுகிறது, கழுத்து தொடங்கும் இடத்து மேடும் கூடவே உயர்கிறது. முன்பக்கம் எழ வேண்டும் என்று நடுவர் எழுதுவது பெரும்பாலும் இந்தத் துணியைப் பற்றித்தான்.

பின்பக்கமும் தன் பங்கைச் செய்கிறது. இடுப்பு சற்றே உள்ளே மடங்க, பின்னங்கால் மூட்டுகள் எடையை வாங்கும்போது கூடுதலாக வளைகின்றன. (பின்னங்காலில் பின்நோக்கி மடங்கிய முட்டி போலத் தெரிவது உண்மையில் அதன் கணுக்கால், முட்டி அதற்கு மேலே வயிற்றை ஒட்டி இருக்கிறது.) கால் தரையில் கூடுதல் நேரம் தங்கி, சுருள்வில் போல அமுங்கி எழுகிறது.

பார்ப்பவர்களுக்குக் குதிரை பின்னால் உட்கார்ந்துவிட்டது போலவும், எடையெல்லாம் பின்னங்காலுக்குப் போய்விட்டது போலவும் தோன்றும். லாயங்களிலும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். ஆனால் காலடி விசையை அளக்கும் கருவிகள் சொல்வது வேறு. சுருக்கிய ஓட்டத்திலும் எடையின் பாதிக்கு மேல் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. பின்னால் நகர்வது சிறு பங்கு. முன்னங்கால்கள் சும்மா இருப்பதும் இல்லை, அவையும் தரையை அழுத்தி உடலின் முன்பக்கத்தை மேலே தள்ளுகின்றன. இது தெரிந்தால் பயிற்சியே மாறும் என்று நினைக்கிறேன். கடிவாளத்தைப் பின்னால் இழுத்துக் குதிரையை உட்காரவைக்கப் பார்ப்பவர், கழுத்தைக் குறுக்கித் தூளியைத் தளரவிடுகிறார், அவ்வளவுதான்.

அடுத்தது சவாரிக்காரரின் உடம்பு. டிராட்டில் குதிரை நிமிடத்துக்கு 80 எட்டு வைக்கிறது. ஒவ்வொரு எட்டிலும் அதன் முதுகு இரண்டு முறை ஏறி இறங்கும். அதாவது நிமிடத்துக்கு 160 தூக்கல். அங்கவடியில் எழுந்து எழுந்து உட்காரும் முறையில் பாதிக்குத்தான் சேணத்தில் அமர்கிறோம். எழாமல் உட்கார்ந்தே போனால் 160-ஐயும் நம் இடுப்பும் அடிவயிறும் வாங்கிக்கொள்ள வேண்டும். பயந்துபோய் முழங்காலை இறுக்கினால் இடுப்பு பூட்டிக்கொள்ளும், உடம்பு சேணத்தில் குதிக்கும், கையும் கூடவே குதிக்கும். கை குதித்தால் குதிரையின் வாயில் இரும்பு இடிக்கும். குதிரை முதுகைக் குழித்துத் தலையைத் தூக்கும். நெஞ்சு தாழும். இடுப்பில் தொடங்கிய இறுக்கம் நாலைந்து நொடியில் தூளிவரை போய்ச் சேர்ந்துவிடுகிறது. எத்தனையோ பேர் தாளில் பார்க்கும் 5-க்குக் காரணம் குதிரையிடம் இல்லை, இங்கே இருக்கிறது.

பக்கவாட்டு அசைவுகள் இந்தப் படிக்கான உடற்பயிற்சி. ஷோல்டர்-இன் என்ற அசைவில் குதிரையின் பின்பக்கம் திடலின் ஓரமாகவே போக, தோள்கள் சற்றே உள்ளே வரும். அது சரியாக வந்ததா என்று மணலே சொல்லும்: நான்கு கால்களுக்கு மூன்று தடம். உள்பக்கப் பின்னங்காலும் வெளிப்பக்க முன்னங்காலும் ஒரே கோட்டில் விழுகின்றன. அந்த உள்பக்கப் பின்னங்கால் உடலின் எடைமையத்துக்குக் கீழே வந்து வளைந்தாக வேண்டும், வேறு வழியில்லை. ஒரு காலுக்கு மட்டும் எடை தூக்கும் பயிற்சி போல.

இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். தசை சில மாதங்களில் வலுவாகும். தசைநாரும், எலும்பை எலும்போடு கட்டும் பிணையமும் மிக மெதுவாகவே மாறும், வளர்ந்த குதிரையில் இன்னும் குறைவு. டிரெஸ்ஸாஜ் குதிரைகளுக்குப் பின்னங்காலில், கணுக்காலுக்குக் கீழே எலும்பின் பின்புறம் ஓடும் பிணையத்தில் காயம் வருவது அதிகம். அவசரப்பட்டுப் படி ஏற்றினால் அதன் விலையைக் கொடுப்பது குதிரை. ஒரு வருடம் தள்ளிப்போட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று அமெச்சூர்களுக்கு உரிமையோடு சொல்வேன்.

எல்லாம் சேர்ந்து வந்துவிட்டதா என்று பார்க்க செகண்ட் லெவலில் ஓர் அசைவு உண்டு. கேண்டரிலிருந்து நேராக நடைக்கு இறங்கி, மூன்று முதல் ஐந்து காலடி தெளிவாக நடந்து, மறுபக்கக் காலை முன்வைக்கும் கேண்டரில் எழ வேண்டும். பஸ் பிரேக் போட்டால் நிற்பவர்கள் முன்னே சாய்வது போல, வேகம் குறையும் அந்த நொடியில் குதிரையின் எடை முன்னங்காலில் சரியப் பார்க்கும். பின்னங்கால் சரியான நேரத்தில் உடலுக்குக் கீழே வந்து தாங்காவிட்டால் குதிரை தொப்பென்று டிராட்டில் விழுந்து, நாலு எட்டு தடதடத்து, பிறகுதான் நடக்கும். மாதக்கணக்கில் இப்படியே போகும். பிறகு ஒரு மாலை, சவாரிக்காரர் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இடுப்பை ஒரு கணம் நிறுத்துகிறார். கேண்டரின் கடைசி எட்டில் முன்பக்கம் எழுந்தபடியே இருக்கிறது. குளம்புகள் ஒவ்வொன்றாக மணலில் இறங்குகின்றன, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கடிவாளம் கையில் கனக்கவே இல்லை. அவர் வெளிப்பக்கக் காலை லேசாகப் பின்னால் நகர்த்துகிறார், குதிரை அடுத்த கேண்டருக்கு எழுகிறது.