இருபது ரூபாய்ப் பங்கு மலிவான பங்கு அல்ல

"சார், நான் வேல்யூ இன்வெஸ்டர். இருபது ரூபாய்க்கு மேல எந்தப் பங்கும் வாங்கறதில்லை." போன வாரமும் ஒருவர் இப்படிச் சொல்லித்தான் டீமேட் கணக்கைத் திறந்து காட்டினார். பணி ஓய்வில் வந்த பணம். பெயரே கேள்விப்படாத நிறுவனங்கள், பல ஆயிரம் பங்குகள், எல்லாமே சிவப்பில்.

எத்தனை முறை சொல்வது? வேல்யூ இன்வெஸ்டிங் என்றால் பங்கை அதன் உண்மை மதிப்பைவிடக் குறைந்த விலைக்கு வாங்குவது. பங்கின் விலையை மட்டும் வைத்து அது மலிவா என்று சொல்லவே முடியாது. நிறுவனத்தை எத்தனை பங்குகளாகப் பிரித்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். 2024 அக்டோபர் 29 அன்று பங்குச் சந்தை நடத்திய சிறப்பு ஏலத்தில் எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பங்கு மூன்றரை ரூபாயிலிருந்து 2.36 லட்சத்துக்குப் போனது. அதனிடம் இருந்த ஏசியன் பெயின்ட்ஸ் பங்குகளால், ஒரு பங்கின் புத்தக மதிப்பு (சொத்திலிருந்து கடனைக் கழித்து ஒரு பங்குக்கு வரும் தொகை) 5 லட்சத்துக்கும் மேல். இப்படிப் பிற நிறுவனப் பங்குகளை வைத்திருக்கும் ஹோல்டிங் கம்பெனிகளுக்குச் சந்தை பொதுவாகக் குறைத்துத்தான் விலை தரும். ஆனாலும் வேல்யூ கணக்கில், 2.36 லட்சம் கொடுத்தவர்கூட புத்தக மதிப்பில் பாதிக்கும் குறைவாகத்தான் கொடுத்தார்.

இன்னொரு பிடிவாதம், விலை இறங்கியதாலேயே வேல்யூ வந்துவிட்டது என்பது. யெஸ் பேங்க் 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தொட்டது. அது 200, 100, 50 என்று இறங்க இறங்க எத்தனை பேர் மேலும் மேலும் வாங்கிச் சராசரி விலையைக் குறைத்து 'ஆவரேஜ்' செய்தார்கள்! வாராக் கடனை முழுசாகக் காட்டினால் புத்தக மதிப்பே கரையும் என்று யாரும் யோசிக்கவில்லை. 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. மறுநாள் விலை 6 ரூபாய்க்கும் கீழே போனது. நூறு பங்குகளுக்கு மேல் வைத்திருந்தவர்களின் பங்குகளில் 75 சதவீதம் மூன்று ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது.

குரோத் பக்கம், அதாவது வேகமாக வளரும் நிறுவனங்களைத் தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறு வேறு. அமெரிக்க நெட்வொர்க் கருவி நிறுவனமான சிஸ்கோவின் பங்கு 2000 மார்ச்சில் உச்சத்தில் இருந்தது. அதன் பிறகு நிறுவனத்தின் விற்பனை மும்மடங்கு ஆனது. பங்கு விலை அந்த உச்சத்தை மறுபடி பார்க்கவோ இருபது வருடத்துக்கும் மேல் ஆனது. வளர்ச்சி பொய்யில்லை, கொடுத்த விலைதான் அதிகம்.

வாங்குவதற்கு முன் நிறுவனத்துக்கு உண்மையில் எவ்வளவு பணம் வந்தது, போனது என்று காட்டும் பணவரவு அறிக்கையை ஐந்து வருடத்துக்குப் பாருங்கள். லாபம் காட்டிவிட்டுப் பணம் வராத நிறுவனத்தைத் தொடாதீர்கள். கடன் எவ்வளவு, நிறுவனத்தை நடத்தும் புரமோட்டர் தன் பங்குகளை அடமானம் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். ஸ்டீல், சர்க்கரைப் பங்குகளில் பி.இ. (பங்கு விலை, ஒரு பங்குக்கான லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்ற கணக்கு) குறைவாகத் தெரிந்தால் கூடுதல் கவனம் தேவை, லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் அது அப்படித் தெரியும். டெலிகிராமில் டிப்ஸ் தருபவரிடம், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் பதிவெண் கேளுங்கள்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். அந்தத் தொகை இன்று கையில் பணமாக இருந்தால் இதே பங்கை வாங்குவீர்களா? மாட்டீர்கள் என்றால் விற்றுவிடுங்கள். தயவுசெய்து இன்னொரு முறை ஆவரேஜ் செய்யாதீர்கள்.