குழந்தைக்கு இதய ஆபரேஷனா? காப்பீட்டு அட்டையை முதலில் கையில் வாங்குங்கள்

ஆபரேஷனுக்கு மறுநாள் குழந்தையின் இதயம் நின்றுவிட்டது. அரை மணி நேரத்துக்கு மேல் நெஞ்சை அழுத்திப் பார்த்துவிட்டு, எக்மோவில் போட்டார்கள். அந்த நேரத்தில் அப்பா, காப்பீட்டு அட்டைக்கான வருமானச் சான்றுக்காக, வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊரில் வி.ஏ.ஓ. வருவாரா என்று காத்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் நாலாக மடித்த பிறப்புச் சான்றிதழ், வியர்வையில் ஊறிப்போய்.

எக்மோ என்பது ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்ஸிஜன் சேர்த்துத் திருப்பி அனுப்பும் இயந்திரம். இதயம் நின்ற நிலையில் இதில் போடப்படும் குழந்தைகளில் சுமார் பத்துக்கு நாலு பேர் வீடு திரும்புகிறார்கள் என்கின்றன உலகப் பதிவேடுகள். ஆகவே நம்பிக்கை வீண் இல்லை. ஆனால் நாட்கள் நீளும், பில்லும் நீளும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. பின்னணி இவ்வளவு போதும்.

இடறுவது வேறு இடங்களில். ரேஷன் கார்டில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா? பாதிப் பேர் "அப்புறம் சேர்த்துக்கலாம்" என்று விட்டிருப்பார்கள். அந்த "அப்புறம்" ஐ.சி.யூ. வாசலில்தான் வந்து நிற்கும். அடுத்தது, 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அட்டைக்கு ஆம்பூர்க்காரர் திருப்பத்தூருக்கும் அரக்கோணத்துக்காரர் ராணிப்பேட்டைக்கும் போக வேண்டும். பழைய பழக்கத்தில் வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறி ஒரு நாளைத் தொலைப்பவர்கள் இன்னும் உண்டு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். ஒன்று குறைந்தாலும் "நாளைக்கு வாங்க" என்பார்கள், அதைச் சொல்ல அவர்களுக்கு அரை நொடி ஆகாது.

ஆஸ்பத்திரி திட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது. குழந்தைகள் இதய அறுவைக்கு அந்த ஆஸ்பத்திரிக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். 5 லட்சம் என்றால் ஐந்தும் கிடைக்கும் என்றில்லை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகை கட்டி வைத்திருக்கிறார்கள். வென்டிலேட்டரும் எக்மோவும் நீண்டால் எது திட்டத்தில், எது நம் தலையில் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் எழுதி வாங்குங்கள். முன்பணம் கட்டிவிட்டு, அட்டை வந்ததும் திரும்பக் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். மழுப்பினால் அங்கேயே நின்று திட்டத்தின் உதவி எண் 1800 425 3993-க்குப் போன் போடுங்கள். போனைக் காதில் வைத்ததும் கவுண்டரில் பேச்சு மாறும், பார்த்திருக்கிறேன்.

அணைக்கட்டு அப்பாவுக்குச் சான்று மூன்றாம் நாள் கிடைத்தது. குழந்தை ஐந்தாம் நாள் எக்மோவிலிருந்து இறங்கியது. இப்படிப் பிழைத்த பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சியையும் பார்க்க வேண்டும். வேலூர் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில் அதற்கான பிரிவு உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டில் "இதயம் நின்றது, எத்தனை நிமிடம்" என்று எழுதச் சொல்லுங்கள். பல சீட்டுகளில் அந்த வரி இருப்பதில்லை.