நெல் மஞ்சளானதும் சாட்ஜிபிடியைக் கேட்டு யூரியா எறியாதீர்கள்

வயலின் நடுவே வட்டமாக ஓரிடம் மஞ்சளடிக்கிறது. நாலைந்து நாளில் வட்டம் பெருக்கிறது. முன்பென்றால் பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள், அல்லது கமநல சேவை நிலையத்துக்குப் போவார்கள். இப்போது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் வரம்பில் நின்றபடியே கைத்தொலைபேசியில் சாட்ஜிபிடி போன்ற சாட்பொட்டிடம் ‘நெல் மஞ்சளாகுது, என்ன செய்யிறது?’ என்று எழுதிக் கேட்கிறார்கள். பிள்ளைகள் கேட்டுச் சொல்வதும் உண்டு. பதில் அடுத்த நொடியே நல்ல தமிழில் வந்துவிடும். நைதரசன் குறைபாடாக இருக்கலாம், யூரியா இடுங்கள் என்பது அந்தப் பதிலில் மேலே வந்து நிற்கக்கூடிய வரி. உலகம் முழுவதும் எழுதப்பட்ட விவசாயக் கட்டுரைகளில் ‘இலை மஞ்சள்’ என்பதற்குப் பக்கத்தில் அடிக்கடி வரும் சொல் ‘நைதரசன்’ என்பது காரணமாக இருக்கலாம்.

வட்டமாகப் பரவும் மஞ்சள் பல வேளை நைதரசன் குறைபாடே அல்ல. அது அறக்கொட்டி என்ற பூச்சியின் வேலை, விவசாயத் திணைக்களம் கபிலநிறத் தத்தி என்று எழுதுவது இதைத்தான். நைதரசன் குறைந்தால் பெரும்பாலும் முதிர்ந்த இலைகள் முதலில் வெளிறும், வயல் பரவலாக நிறம் மங்கும். அறக்கொட்டி திட்டுத் திட்டாக எரிக்கும். பூச்சி இலையில் இராது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டின் அடியில் சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். மஞ்சள் வட்டத்தின் ஓரத்தில், இன்னும் பச்சையாக நிற்கும் பயிரை இரு கையாலும் விலக்கி அடியைப் பாருங்கள். தண்டைத் தட்டினால் பூச்சிகள் தண்ணீரில் விழும். அடித்தண்டு பிசுபிசுப்பாகவும் கரும்பூஞ்சை படிந்தும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த நேரத்தில் யூரியா எறிந்தால் பயிர் கொழுத்து நெருங்கும், பூச்சி இன்னும் பெருகும். செய்ய வேண்டியது யூரியாவை நிறுத்துவது, தண்ணீரை வடிப்பது, பயிரைப் பிரித்து காற்றும் வெளிச்சமும் அடிவரை போக வழிவிடுவது. மருந்து தேவை என்று முடிவானால் அதை அடித்தண்டில் படும்படி விசிற வேண்டும். மேலே இலையில் விசிறினால் பூச்சியில் படாது. அதைத் தின்னும் சிலந்திகள்தான் சாகும்.

எரிபந்தமும் இப்படித்தான். இலையில் இரு முனையும் கூராக, நடுவில் சாம்பல் நிறமாகப் புள்ளி கண்டால் யூரியா அந்த நோய்க்குத் தீனி. இளம் பயிரில் துருப்போன்ற புள்ளிகளும் இலையின் அடிப்பகுதி நடுநரம்பு வெளிறுவதும் நாகச் சத்து (துத்தநாகம்) குறைபாட்டின் அடையாளம். யூரியா அதைத் தீர்க்காது. ‘மஞ்சள்’ என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனை இருக்கும்போது, வயலைக் காணாத ஒன்று எதை வைத்து முடிவெடுக்கிறது?

சாட்பொட்டின் வேலை, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிப்பது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து அந்தப் பழக்கத்தைப் பெற்றிருக்கிறது. அதனால் பதில் எப்போதும் சரளமாக வரும். சரியான பதிலும் பிழையான பதிலும் ஒரே தொனியில், ஒரே உறுதியோடு வரும். அனுபவமுள்ள ஒரு விவசாயப் போதனாசிரியர் ‘நான் வந்து பார்க்காமல் சொல்ல மாட்டேன்’ என்பார். இயந்திரம் பெரும்பாலும் அப்படி நிறுத்துவதில்லை.

அது படித்த தமிழிலும் பெரும்பங்கு தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. அங்கே பருவங்கள் குறுவை, சம்பா, தாளடி. இங்கே காலபோகம், சிறுபோகம். பீஜி 360, ஏரீ 362, பீஜி 352 என்று நாம் விதைக்கும் இனங்களின் வயது, குணம், நோய் தாங்கும் திறன் வேறு. இரணைமடுவின் கீழ் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், எந்தத் திகதிக்குள் விதைப்பு முடிய வேண்டும் என்பது குளத்து நீரைப் பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படுவது. அது எந்தக் கணினியின் பயிற்சித் தரவிலும் முன்கூட்டியே இருக்க முடியாது.

அதிகம் சேதம் தரும் இடம் அளவுகள். இந்தியச் சிபாரிசு பெரும்பாலும் ஹெக்டேயருக்கு இத்தனை கிலோ நைதரசன் என்று சத்தின் கணக்கில் இருக்கும். நாம் எறிவது யூரியா, அதில் நைதரசன் 46 சதவீதம். ஹெக்டேயருக்கு 100 கிலோ நைதரசன் என்றால் யூரியா 217 கிலோ. ஒரு ஹெக்டேயர் 2.47 ஏக்கர் என்பதால் ஏக்கருக்கு ஏறத்தாழ 88 கிலோ. இந்த இரு மாற்றங்களில் ஒன்றைத் தவறவிட்டால் பயிருக்குப் போவது பாதியிலும் குறைவு, அல்லது இரண்டரை மடங்கு. டீ.ஏ.பி பசளை இடச் சொல்லி வந்த பதிலை வைத்து, கடையில் அது இல்லையென்று ரீ.எஸ்.பி வாங்கினால் இன்னொரு கோளாறு. 50 கிலோ டீ.ஏ.பி மூடையில் 9 கிலோ நைதரசனும் இருக்கிறது. ரீ.எஸ்.பியில் நைதரசன் இல்லை.

மருந்தளவில் பிழை இன்னும் பயங்கரம். நம்மவர்கள் முதுகில் சுமக்கும் டாங்கி பெரும்பாலும் 16 லீற்றர். பதிலில் வருவது சில வேளை லீற்றருக்கு, சில வேளை 10 லீற்றருக்கு, சில வேளை ஏக்கருக்கு. 10 லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் என்றால் நம் டாங்கிக்கு 32 மில்லிலீற்றர். அதையே லீற்றருக்கு என்று எடுத்தால் 320 மில்லிலீற்றர், பத்து மடங்கு. பயிர் கருகும், விசிறுபவர் உடம்பில் படும், வாய்க்காலில் இறங்கும். போத்தலின் சிட்டையில் மூன்று மொழியிலும் அளவு அச்சிட்டிருக்கிறது. சிட்டையும் சாட்பொட்டும் முரண்பட்டால் சிட்டையே சரி. அறுவடைக்கு எத்தனை நாள் முன்னதாக விசிறலை நிறுத்த வேண்டும் என்பதையும் அங்கேயே பாருங்கள்.

தடை செய்யப்பட்ட மருந்துகளும் பதிலில் வந்துவிடுவதுண்டு. இலங்கையில் மொனோகுரோட்டபொஸ் 1995இலும் எண்டோசல்பான் 1998இலும் தடைசெய்யப்பட்டன. பராகுவாட் 2008 முதல் படிப்படியாக நிறுத்தப்பட்டது. நஞ்சருந்தி இறப்போர் தொகை இந்த நாட்டில் பெருமளவு குறைந்ததற்கு இந்தத் தடைகள் முக்கிய காரணம். பராகுவாட் இந்தியச் சந்தையில் தொடர்ந்து இருந்ததால், இந்தியப் பக்கங்களைப் படித்த இயந்திரம் அதைத் தயங்காமல் சொல்லும். சட்டம் மாறும்போதும் இதே சிக்கல். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது, அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டது. கிளைபொசேற் என்ற களைநாசினி 2015இல் தடையாகி, பிறகு பலமுறை மாறியது. எந்த ஆண்டின் எழுத்தைப் படித்து இன்றைய பதிலைச் சொல்கிறது என்று இயந்திரம் பெரும்பாலும் சொல்வதில்லை.

‘படம் அனுப்பினால் சரியாகச் சொல்லும்’ என்ற விளம்பரத்தையும் நிதானமாகப் பாருங்கள். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், 54,306 இலைப் படங்களைக் கொண்டு பயிற்றிய கணினி அதே தொகுப்பின் படங்களில் 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அது 31.4 சதவீதமாக விழுந்தது. பயிற்சிப் படங்கள் ஒரே பின்னணியில், ஒற்றை இலையாக, நல்ல வெளிச்சத்தில் எடுக்கப்பட்டவை. அந்தத் தொகுப்பில் இருந்த 14 பயிர்களில் நெல் இல்லை. இப்போதைய கருவிகள் அதைவிட முன்னேறியவைதான். ஆனால் விளம்பரத்தில் வரும் சதவீதம் எந்தப் படங்களில் அளந்தது என்று கேட்காமல் விடக்கூடாது. மேலேயிருந்து எடுத்த படத்தில் தண்டின் அடியில் இருக்கும் அறக்கொட்டி எப்படியும் தெரியாது.

இந்தச் செயற்கை நுண்ணறிவுத் துறையின் ஆரவாரம் விவசாயிக்குப் புதிதாக இருக்கலாம். விதை விற்பவரின் வாக்குறுதியைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அதன் போக்கு விளங்கும். 2023 பெப்ரவரியில் கூகுள் தன் பேர்ட் சாட்பொட்டை அறிமுகப்படுத்திய விளம்பரத்திலேயே விண்தொலைநோக்கி பற்றிப் பிழையான தகவல் இருந்தது. ஒரே நாளில் அதன் தாய் நிறுவனத்தின் சந்தைப் பெறுமதி சுமார் 10,000 கோடி டொலர் இறங்கியது. சாட்ஜிபிடியின் பெட்டிக்குக் கீழே, அது தவறு செய்யலாம், முக்கியமானவற்றைச் சரிபாருங்கள் என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. மேடையில் வல்லுநர் என்று அறிமுகம், கீழே பொறுப்பு தங்களுடையது அல்ல என்ற பொருளில் ஒரு வரி. இது நியாயமில்லை. பயிர் எரிந்தால் நட்டம் முழுவதும் விவசாயியின் தலையில்தான். போதனாசிரியர் பற்றாக்குறையை இந்தக் கருவிகளால் நிரப்பலாம் என்று பேசுபவர்கள் அந்த நட்டத்தை யார் தாங்குவது என்று முதலில் எழுத்தில் சொல்லட்டும்.

நம்பலாமா என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ‘பீஜி 999 நெல்லுக்கு எவ்வளவு யூரியா?’ என்று இல்லாத இனத்தைக் கேளுங்கள். அளவு சொன்னால் மற்ற அளவுகளையும் எப்படிச் சொல்கிறது என்று புரிந்துவிடும். சரியான பதில் ஒன்றுக்கு ‘இல்லை, பிழை’ என்று மறுத்துப் பாருங்கள். மன்னிப்புக் கேட்டு மாற்றிச் சொன்னால், அது உங்கள் மனம் கோணாமல் பேசுகிறது, வயலைப் பற்றிப் பேசவில்லை.

பயிர்ச்சேத விண்ணப்பத்தைக் கோர்வையாக எழுத, சிங்களத்தில் வந்த சுற்றறிக்கையின் சாரத்தை அறிய இந்தக் கருவி உதவும். அடையாள அட்டை இலக்கத்தையும் காணி அனுமதிப்பத்திரப் படத்தையும் மட்டும் அதற்குள் போடாதீர்கள். மருந்து உடம்பில் பட்டோ உள்ளே போயோ மயக்கம் வந்தால் அதனிடம் எதுவும் கேட்க வேண்டாம். உடனே 1990 அம்புலன்ஸ், கையில் சிட்டையோடு அந்தப் போத்தல்.

பயிரைப் பற்றிக் கேட்க விவசாயத் திணைக்களத்தின் 1920 இருக்கிறது. அழைக்கும் முன் இவற்றைத் தயாராக வைத்திருங்கள்: இனம், விதைத்த திகதி, ஏக்கருக்கு எத்தனை புசல் விதைத்தீர்கள், கடைசியாக எறிந்த பசளையும் நாளும், விசிறிய மருந்தின் பெயர், வயலில் தண்ணீர் நிற்கிறதா, மஞ்சள் திட்டாகவா பரவலாகவா, அடித்தண்டில் என்ன கண்டீர்கள். படம் கேட்டால் மூன்று எடுங்கள்: முழுத் திட்டு, ஒற்றை இலை, விலக்கிய பயிரின் அடி.