பழைய செர்வோ மோட்டாருக்கு டிரைவ் தேடுதல்: வாட் எண்ணுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

ஆலைகளில் கழித்துவிடப்படும் இயந்திரங்கள் பலவற்றில் பழுதாகியிருப்பது கட்டுப்பாட்டுப் பலகைதான். அவற்றில் பூட்டியிருந்த செர்வோ மோட்டார்கள் (தண்டின் நிலையை உணர்ந்து அதற்கேற்ப இயக்கப்படும் மோட்டார்கள்) நல்ல நிலையிலேயே காயலான் கடைக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. வீட்டுப் பட்டறையில் மரமும் அலுமினியமும் வெட்டச் சிஎன்சி ரூட்டர் (கணினி வழிநடத்தும் வெட்டு இயந்திரம்) கட்டுகிறவர்களுக்கு இவை அருமையான பொருள்கள். ஆனால் மோட்டாரை வாங்கியவர் பெயர்த்தகட்டில் 400 வாட் என்று கண்டதும் 400 வாட் டிரைவை, அதாவது மோட்டாருக்கு மின்னோட்டத்தை அளந்து கொடுக்கும் கருவியை, தேடத் தொடங்கினால், தேடல் தவறான இடத்தில் தொடங்குகிறது. டிரைவை முதலில் தீர்மானிப்பது மோட்டாரின் முதுகில் இருந்து தண்டின் கோணத்தைச் சொல்லும் என்கோடர். அடுத்தது மின்னழுத்த மாறிலி, அதாவது குறிப்பிட்ட வேகத்தில் மோட்டார் எழுப்பும் மின்னழுத்தம். மின்னோட்டத்தின் கணக்கு அதற்குப் பிறகுதான் வரும்.

என்கோடருக்கு ஏன் இந்த முதலிடம்? ஏசி செர்வோ மோட்டாரின் சுழலியில் நிலைக்காந்தங்களும், அதைச் சூழ்ந்த கூட்டில் மூன்று தொகுதிச் சுருள்களும் உள்ளன. சுருள்கள் எழுப்பும் காந்தப்புலம் சுழலியின் புலத்துக்குச் செங்கோணமாக நிற்கும்போதுதான் ஒவ்வோர் ஆம்பியருக்கும் முழு முறுக்குவிசை கிடைக்கும். சுழலி நகர நகர அந்தச் செங்கோணம் குலையாதபடி மூன்று மின்னோட்டங்களையும் மாற்றிக்கொண்டே இருப்பது டிரைவின் வேலை. அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் பார்க் ஒத்தியங்கு மின்பொறிகளுக்காக 1929-இல் வெளியிட்ட கணித மாற்றம்தான் இன்றும் டிரைவ்களுக்குள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஓடுகிறது. அந்தக் கணக்குக்குத் தேவையான கோணத்தைத் தருவது என்கோடர். நான்கு துருவ இணைகள் (வடக்கு-தெற்குக் காந்தச் சோடிகள்) கொண்ட மோட்டாரில் இந்தக் கோணம் தண்டின் அளவில் 22.5 பாகை பிசகினாலே முறுக்குவிசை சுழியாகிவிடும். அதற்கு மேல் பிசகினால் மோட்டார் எதிர்த்திசையில் பாயும். அதனால்தான் பழைய மோட்டாரின் பின்மூடியைத் திறந்து என்கோடரைக் கழற்றிப் பார்க்கக் கூடாது என்பதில் உறுதியாக இருக்க வேண்டும். தொழிற்சாலையில் காந்தத்தோடு பொருத்தி வைத்த கோணம் ஒருமுறை போனால், அதைத் திரும்ப அமைப்பது தனி வேலை.

என்கோடரின் வகையை ஓரளவுக்குக் கம்பிகளை எண்ணியே ஊகிக்கலாம். ஏ, பி, இசட், யு, வி, டபிள்யூ என்ற ஆறு சமிக்ஞைகளுக்கும் இரண்டிரண்டு கம்பிகளும், 5 வோல்ட் மின்வழங்கலுக்கு இரண்டும் ஆகப் பதினான்கு கம்பிகள் வந்தால் அது பழைய பாணி இன்கிரிமென்டல் என்கோடர் (நகர்வைத் துடிப்புகளாகத் தருவது). வீட்டில் கட்டுபவருக்கு இதைவிட நல்லது இல்லை, ஏனெனில் எந்த நிறுவனத்தின் டிரைவும் இதைப் படிக்க வாய்ப்புண்டு. சுற்றுக்கு 2500 கோடுகள் என்றால் நான்கு மடங்காகி 10,000 எண்ணிக்கை கிடைக்கும்; 10 மில்லிமீட்டர் பிட்ச் உள்ள, அதாவது ஒரு சுற்றுக்கு அவ்வளவு நகர்த்தும், பால் ஸ்க்ரூவில் (குண்டுகள் உருளும் திருகுத்தண்டில்) ஓர் எண்ணிக்கை சரியாக ஒரு மைக்ரான்.

நான்கு அல்லது ஆறு கம்பிகள் மட்டுமே வந்தால், அநேகமாக அது தொடர்வரிசையில் தரவை அனுப்பும் 17 பிட் அல்லது 20 பிட் என்கோடர். துல்லியத்தில் இது மேலானது, ஆனால் அதன் தகவல்மொழி பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கே உரியது. எனவே இத்தகைய மோட்டாரை வாங்கும்போதே அதே வரிசையைச் சேர்ந்த டிரைவையும் கேபிளோடு சேர்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. தனி மோட்டார் பாதி விலைக்குக் கிடைத்தாலும் அது மலிவு ஆகாது. பிஸ், என்டாட் போன்ற விவரம் வெளியிடப்பட்ட தகவல்மொழிகள் இதற்கு விலக்கு. ஃபானுக் நிறுவன மோட்டார்களின் தொடர்வரிசை என்கோடரை, மெசா நிறுவனத்தின் இடைமுக அட்டைகளின் வழியே லினக்ஸ்சிஎன்சி என்ற கட்டுப்பாட்டு மென்பொருளால் படிக்க முடியும் என்பதும் பயனுள்ள செய்தி. பிரஷ் உள்ள டிசி செர்வோவாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை: கோணத்தைப் பார்த்து மின்னோட்டத்தை மாற்றுவதை பிரஷ்ஷே செய்துவிடுவதால், இரண்டு மின்கம்பிகளும் சாதாரண என்கோடரும் போதும்.

இனி மின்னழுத்த மாறிலி. சுழலும் மோட்டார் ஒரு மின்னாக்கியும்கூட. வேகத்துக்கு நேர்விகிதத்தில் அது எழுப்பும் எதிர் மின்னியக்கு விசையை வென்றால்தான் டிரைவ் மின்னோட்டத்தை உள்ளே செலுத்த முடியும். இதைப் பெயர்த்தகட்டிலிருந்தே மதிப்பிடலாம். 400 வாட், 1.27 நியூட்டன் மீட்டர், 2.8 ஆம்பியர், நிமிடத்துக்கு 3000 சுற்று என்பது பரவலாகக் காணப்படும் அளவு. 1.27-ஐ 2.8-ஆல் வகுத்தால் ஆம்பியருக்கு 0.45 நியூட்டன் மீட்டர். அதை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்து 104.7-ஆல் (நிமிடத்துக்கு 1000 சுற்று என்பதன் ரேடியன்/நொடி அளவு) பெருக்கினால், 1000 சுற்று வேகத்தில் இரு கம்பிகளுக்கிடையே ஏறத்தாழ 27 வோல்ட் ஆர்எம்எஸ் (மாறும் மின்னழுத்தத்தின் பயனுறு அளவு).

கணக்கைக் கையாலும் சரிபார்க்கலாம். மோட்டார் தண்டை டிரில்லில் பிடித்துச் சுழற்றி, மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டுக்கு நடுவே மல்டிமீட்டரால் ஏசி வோல்ட்டையும் அதிர்வெண்ணையும் அளக்க வேண்டும். நான்கு துருவ இணைகள் உள்ள மோட்டாரில் 40 ஹெர்ட்ஸ் காட்டினால் வேகம் 600 சுற்று. அப்போது 16 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். மூன்று சோடிகளிலும் ஒரே அளவு வந்தால் சுருள்கள் நலம். மூன்றிலும் ஒரே மாதிரியாக வெகுவாகக் குறைந்தால், கடும் வெப்பத்திலோ மிகை மின்னோட்டத்திலோ காந்தங்கள் வலுவிழந்திருக்கக்கூடும். துருவ இணைகளின் எண்ணிக்கை தெரியாவிட்டால், இரண்டு கம்பிகளுக்குள் சிறிய டிசி மின்னோட்டத்தைச் செலுத்தித் தண்டைக் கையால் மெல்லத் திருப்பினால், ஒரு சுற்றில் அது எத்தனை இடங்களில் கவ்வி நிற்கிறதோ அத்தனை இணைகள்.

230 வோல்ட் இணைப்பைத் திருத்தி 325 வோல்ட் டிசி ஆக்கிக்கொள்ளும் தொழிற்சாலை டிரைவ்தான் இம்மோட்டாருக்கு இயல்பான துணை. ஆனால் ரூட்டருக்கு அது கட்டாயம் இல்லை. 48 வோல்ட் டிசியில் இயங்கும் டிரைவால் இரு கம்பிகளுக்கிடையே 34 வோல்ட் ஆர்எம்எஸ் வரை தர முடியும். சுமையின்றி 1240 சுற்று, சுருளின் தடைக்கும் தூண்டத்துக்கும் போவதைக் கழித்தால் முழுச் சுமையில் 900 முதல் 1000 சுற்று. முறுக்குவிசை மின்னோட்டத்தைச் சார்ந்தது என்பதால் அதில் குறைவே இல்லை. 10 மில்லிமீட்டர் பிட்ச் பால் ஸ்க்ரூவில் 900 சுற்று என்பது நிமிடத்துக்கு 9 மீட்டர். தள்ளுவிசையோ சுமார் 700 நியூட்டன். வீட்டு ரூட்டருக்கு இது தாராளம், அதோடு 325 வோல்ட் ஏறிய மின்தேக்கிகள் அருகில் கை வைக்கும் ஆபத்தும் நீங்குகிறது.

மின்னோட்டத்தில் கவனிக்க வேண்டியது அலகு. பெயர்த்தகட்டின் 2.8 ஆம்பியர் ஆர்எம்எஸ் அளவு. டிரைவின் விவரத்தாளிலோ உச்ச அளவாகத் தரப்பட்டிருக்கலாம், அப்படியானால் அது 4 ஆம்பியர். இவ்வகை மோட்டார்கள் முடுக்கத்தின்போது ஏறத்தாழ மூன்று மடங்கு மின்னோட்டத்தைச் சிறிது நேரம் தாங்கும் என்பதால், உச்சமாக 12 ஆம்பியர் தரும் டிரைவ் பொருத்தமானது. அதைவிடப் பெரிய டிரைவும் தவறில்லை, ஆனால் மின்னோட்ட வரம்பை முதல் இயக்கத்துக்கு முன்பே குறைத்து வைக்க வேண்டும்.

சுற்றுக்கு 10,000 எண்ணிக்கையை அப்படியே கணினி அனுப்பும் ஸ்டெப் துடிப்புகளாக (ஒரு துடிப்புக்கு ஒரு சிறு நகர்வு) கேட்டால், 900 சுற்றில் நொடிக்கு 1,50,000 துடிப்புகள் தேவை. பேரலல் போர்ட் வழியாக மென்பொருளால் இவ்வளவு தர முடியாது. ஒரு துடிப்புக்கு எவ்வளவு நகர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் டிரைவின் எலக்ட்ரானிக் கியரைச் சுற்றுக்கு 2000 துடிப்பு என்று அமைத்தால் 30,000 போதும். ஒரு துடிப்புக்கு 5 மைக்ரான், மர வேலைக்கு அதுவே அதிகம்.

வேகத்தில் செல்லும் கேன்ட்ரியை (வெட்டும் தலையைச் சுமக்கும் பாலத்தை) நிறுத்தும்போது அதன் ஆற்றல் மோட்டார் வழியே டிரைவுக்குத் திரும்புகிறது. 40 கிலோ கேன்ட்ரியும் ஒரு மீட்டர் நீளமும் 20 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஸ்க்ரூவும் மேற்சொன்ன வேகத்தில் ஏறத்தாழ ஒரு ஜூல் வைத்திருக்கும். 48 வோல்ட்டில் உள்ள 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் அது முழுவதும் ஏறினால் மின்னழுத்தம் 65 வோல்ட்டைத் தொடும். 56 வோல்ட் வரம்புள்ள டிரைவ் பிழைக்காது. உராய்வு ஒரு பங்கைத் தின்றுவிடும் என்றாலும் அதை நம்பாமல், மிகை ஆற்றலை வெப்பமாக்கும் பிரேக் ரெசிஸ்டரைச் சேர்ப்பதே முறை.

கடையில் தண்டு அசையவே இல்லை என்பதற்காக ஒரு மோட்டாரை ஒதுக்கிவிட வேண்டாம். தனியாக இரண்டு கம்பிகள் வெளியே வந்தால் உள்ளே ஸ்பிரிங் பிரேக் இருக்கிறது; 24 வோல்ட் கொடுத்தால் ‘டக்’ என்று விடுபடும். செங்குத்தாக நிற்கும் இசட் அச்சுக்கு இதுவே மிகப் பொருத்தமான மோட்டார். டிரைவ் மோட்டாரைப் பிடித்த பிறகே பிரேக் விடுபட வேண்டும், பிரேக் கவ்விய பிறகே டிரைவ் கைவிட வேண்டும். இந்த வரிசைக்கான காலதாமதம் டிரைவின் அமைப்புகளில் இருக்கும்; அது சுழியாக விடப்பட்டிருந்தால், ஸ்பிண்டில் (கருவியைச் சுழற்றும் தலை) ஒவ்வொரு முறையும் சில மில்லிமீட்டர் கீழே இறங்கி, வெட்டும் கருவியைப் பலகையில் ஊன்றிவிடும்.