ஒலிகோடைனமிக் விளைவு: தமிழில் 'இம்மிவிளைவு'

செம்புக் குடத்துத் தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்தால் கூடவே ஒரு சொல்லும் வந்து ஒட்டிக்கொள்கிறது: ஒலிகோடைனமிக் விளைவு. செம்பு பாட்டில் விளம்பரங்களில் இதைப் பெரும்பாலும் கெத்துக்காகத்தான் போடுகிறார்கள். பொருள் என்னவோ எளிதுதான். செம்பு, வெள்ளி போன்ற சில உலோகங்கள் மிக மிகக் குறைவாக நீரில் கலந்தாலே போதும். பாக்டீரியா, பாசி, பூஞ்சை போன்றவை செத்துப்போகும், அல்லது பெருக முடியாமல் நின்றுவிடும்.

சொல் கிரேக்க மூலத்தது. 'ஒலிகோஸ்' என்றால் கொஞ்சம், சில. கர்ப்பிணிகளின் ஸ்கேன் அறிக்கையில் பனிக்குட நீர் குறைவு என்பதை 'ஒலிகோஹைட்ராம்னியாஸ்' என்று எழுதுவார்கள். அதே ஒலிகோதான் இது. சிலர் கூடி ஆளும் சிலவராட்சிக்கு மேலைமொழிகளில் உள்ள 'ஒலிகார்க்கி' என்ற பெயரிலும் இதுவே முன்னால் நிற்கிறது. 'டைனமிஸ்' என்றால் வலிமை, ஆற்றல். டைனமோ, டைனமைட் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

இரண்டையும் சேர்த்து ஒரு சொல்லாக்கியவர் கார்ல் வில்ஹெல்ம் ஃபான் நேகெலி. சுவிட்சர்லாந்தில் பிறந்து ஜெர்மனியின் மியூனிக்கில் பேராசிரியராக இருந்த தாவரவியலாளர். பட்டாணிச் செடி ஆய்வைப் பற்றி மரபியலின் முன்னோடி மெண்டல் கடிதம் எழுதியபோது அதன் அருமை புரியாமல் விட்டவர் என்றுதான் பலரும் இவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். பாவம், செம்பு விஷயத்தில் அவர் பார்வை கூர்மையாகவே இருந்தது. குளத்து நீரில் பச்சை நூல் நூலாக மிதக்குமே ஸ்பைரோகைரா என்ற பாசி, அது செம்பு பட்ட நீரில் மடிவதைக் கவனித்தார். அந்த நீரில் இருந்த செம்போ அன்றைய கணக்கில் ஒன்றுமே இல்லை என்று சொல்லத்தக்க அளவு. இது வழக்கமான ரசாயன நஞ்சு வேலை செய்யும் விதம் அல்ல என்று கருதித் தனிப் பெயர் வைத்தார். அவர் 1891இல் இறந்தார். அந்த ஆய்வு 1893இல்தான் அச்சில் வந்தது.

நேகெலி நினைத்ததுபோல் தனி விசை எதுவும் இல்லை என்பது இன்று தெரியும். உலோகத்தின் மேற்பரப்பிலிருந்து அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்கள், நீரில் இறங்குகின்றன. அவை பாக்டீரியாவின் உறையைச் சிதைக்கின்றன; உள்ளே போய், புரதங்களில் கந்தகம் இருக்கும் இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொள்கின்றன. நொதிகள் முடங்குகின்றன. செம்பு இதோடு நில்லாமல் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் உண்டாக்கிச் செல்லைக் குலைக்கிறது. தங்கம் எளிதில் அயனியாகாது, அதனால் தங்கக் கிண்ணத்துக்கு இந்தக் குணம் கிட்டத்தட்ட இல்லை. பாதரசத்துக்கு நிறைய உண்டு, ஆனால் அது நம்மையும் சேர்த்துக் கொல்லும். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் ஒரு காலத்தில் சிவப்பாகத் தடவிவிடுவார்களே மெர்க்குரோக்ரோம், அது பாதரசச் சேர்மம்தான்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'சிற்றாற்றல் விளைவு' என்று வரும். அது சிறிய ஆற்றலால் வரும் விளைவு என்ற தப்பான பொருளைத் தருகிறது. சிறியது அளவுதானே, ஆற்றல் அல்லவே! தவிர, 'ஆற்றல்' என்ற பகுதி நேகெலியின் பழைய ஊகத்தின் மிச்சம். அதைத் தமிழுக்கும் சுமந்துகொண்டு வர வேண்டியதில்லை. 'உலோகங்களின் பாக்டீரியா எதிர்ப்புப் பண்பு' என்று விரித்து எழுதலாம், பிழையில்லை. ஆனால் மிகக் குறைந்த அளவே போதும் என்ற உயிர்நாடி அதில் விடுபட்டுவிடுகிறது.

எனக்குப் பிடித்தது 'இம்மிவிளைவு'. நம் கீழ்வாய் இலக்கத்தில், அதாவது பழைய பின்னக் கணக்கில், முந்திரி என்பது 1/320. அதற்கும் வெகு கீழே இருக்கும் பின்னம் இம்மி. 'இம்மியும் பிசகாமல்' என்று இன்றும் சொல்கிறோம், ஆகவே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. செம்பின் இம்மிவிளைவு, வெள்ளியின் இம்மிவிளைவு என்று வாக்கியத்திலும் இடறாமல் உட்காருகிறது. முதல்முறை எழுதும்போது பக்கத்தில் 'ஒலிகோடைனமிக்' என்பதையும் போட்டுவிட்டால் தேடுபவர்களுக்கு உதவும்.

குடத்துக்கு வருவோம். பெங்களூரில் செய்து 2012இல் வெளியான ஆய்வில், காலரா, சீதபேதி, டைபாய்டு வகைக் கிருமிகளைக் கலந்த நீரைச் செம்புப் பானையில் அறை வெப்பத்தில் 16 மணி நேரம் வைத்தார்கள். அதன்பின் வளர்ப்புச் சோதனையில் ஒரு கிருமியும் தலைகாட்டவில்லை. நீரில் இறங்கியிருந்த செம்பு லிட்டருக்குச் சுமார் 0.18 மில்லிகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2 மில்லிகிராம். 16 மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். இரவு பத்து மணிக்கு ஊற்றிக் காலை ஆறுக்குக் குடித்தால் அதில் பாதிதான் ஆகிறது. நீரில் உள்ள ஃபுளோரைடு, பூச்சிமருந்து எதையும் குடம் எடுக்காது. மோர், எலுமிச்சைச் சாறு, புளிப்பான எதையும் அதில் வைக்கக் கூடாது. அமிலம் செம்பை ஏராளமாகக் கரைத்து வாந்தியில் கொண்டு விடும்.

அதற்குத்தான் சமைக்கிற பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசினார்கள். பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருக்கிப் பஞ்சால் உள்ளே ஓட்டி விடுவார்கள்; புகை எழும்பி முடிப்பதற்குள் உட்புறம் வெள்ளி போலப் பளபளக்கும். அப்புறம் அந்த அண்டாவில் புளிக்குழம்பு வைக்கலாம், ஆனால் நீர் செம்பைத் தொடாது, இம்மிவிளைவும் கிடைக்காது. ஈயம் பூசிய தவலையில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு அது கிருமியைக் கொல்லும் என்று நம்புவது வீண்.

தோட்டக்காரர்களுக்கு இந்த விஷயம் வேறு பெயரில் பழக்கம். மயில்துத்தம் என்பது செம்பின் சல்ஃபேட்தான். அதைச் சுண்ணாம்போடு கலந்தால் போர்டோ கலவை. பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் 1880களில் பூஞ்சைக்கு எதிராகப் பிறந்தது, இன்று நம் பாக்குத் தோப்பு வரை தெளிக்கப்படுகிறது.

மருத்துவத்தில் கொடி நாட்டியது வெள்ளி. லைப்சிக் நகரின் மகப்பேறு மருத்துவர் கார்ல் கிரேடே 1880இல் பிறந்த குழந்தைகளின் கண்ணில் 2 சதவீத வெள்ளி நைட்ரேட் சொட்டு விடத் தொடங்கினார். தாயின் பிறப்புவழியில் இருந்த மேகவெட்டைக் கிருமி தொற்றிப் பார்வை போவது அங்கே மளமளவென்று குறைந்தது. 1960களின் கடைசியில் வெள்ளி சல்ஃபாடயசீன் வந்தது. தீக்காய வார்டுகளில் வெள்ளையாகப் பூசுவார்களே, அந்த 1 சதவீதக் களிம்பு. (செம்பில் பச்சையாகப் பிடிப்பதற்கும் களிம்பு என்றுதான் பெயர், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இன்று லேசான தீக்காயத்துக்குப் பல மருத்துவர்கள் இதைத் தவிர்க்கிறார்கள், புண் ஆறுவதை அது தாமதப்படுத்துகிறது.

ஆய்வகத்தில் ஜெயித்ததெல்லாம் ஆளிடம் ஜெயிப்பதில்லை. நம் உடல் திரவங்களில் குளோரைடு நிறைய உண்டு. வெள்ளி அயனி அதோடு சேர்ந்து கரையாத உப்பாகப் படிந்து வலு இழக்கிறது. சிறுநீர் வடிக்கச் செருகும் குழாய்களில் (கதீட்டர்) வெள்ளி பூசியவற்றைப் பிரிட்டனில் 7000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 2012இல் முடிவு வெளியிட்டார்கள்: குறுகிய காலப் பயன்பாட்டில் தொற்று சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. செம்புக் கலவைப் பரப்புகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2008இல் பதிவு கொடுத்தது. இரண்டு மணி நேரத்தில் 99.9 சதவீத பாக்டீரியா சாகும் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் வழக்கமான துடைப்பும் கழுவலும் தொடர வேண்டும் என்ற நிபந்தனையோடு.

கிருமிகளும் சும்மா இருக்கவில்லை. பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில் வெள்ளிக்கு அடங்காத சால்மோனெல்லா பற்றி 1975இலேயே செய்தி வந்துவிட்டது. உள்ளே வரும் வெள்ளியைப் பிடித்து வெளியே தள்ளும் மரபணுக்கள் அதனிடம் இருந்தன. அதுவும், ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடிய பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில்.