எழுத வந்தால் எல்லாம் வந்துவிடுமா?

போன வாரம் மறுபடியும் ஒரு கட்டுரை வந்தது, எழுதியவர் தனக்குத் தெரியாத துறைக்குள் புகுந்த ரகம். பதினைந்து வருடமாகப் பிறர் எழுதுவதைத் திருத்திக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். இந்த ரகத்தில் இது எத்தனையாவது என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

எழுதியவர் தோட்டக்கலை ஆள். மண், உரம், பதியம், ஒட்டு என்று அவர் எழுதினால் நான் பேனாவை எடுக்கவே வேண்டியிருக்காது. இந்த முறை வில்லோ மரம். அதன் குச்சிகளை ஊறவைத்த தண்ணீரை, வெட்டி நடும் கிளைகள் வேர்விடத் தோட்டக்காரர்கள் பயன்படுத்துவதில் ஆரம்பித்திருந்தார். பட்டையில் இருக்கும் சாலிசின் என்ற வேதிப்பொருள், அந்த வழியில் பிறந்த ஆஸ்பிரின், 1897இல் பேயர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் அதைத் தூய வடிவில் தயாரித்தது என்று அழகாகக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த பத்தியில், குழந்தைக்குக் காய்ச்சலா, ஆஸ்பிரினில் கால் மாத்திரையைப் பொடித்துக் கொடுங்கள், போதும் என்று எழுதிவிட்டார்.

ஃப்ளூ, சின்னம்மை மாதிரி வைரஸ் தொற்றில் கிடக்கும் குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ரை சிண்ட்ரோம் வரக்கூடும். அரிதுதான். ஆனால் வந்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும், உயிரே போகலாம். 1980களிலிருந்து மருத்துவர்கள் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். போன் செய்து சொன்னேன். "ஒரு வரிதானே சார், எங்க வீட்டில் சின்ன வயசில் அப்படித்தான் கொடுத்தாங்க" என்றார்.

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுத வரும் என்பதும் விஷயம் தெரியும் என்பதும் ஒன்று என்று எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. எத்தனை தடவை சொன்னாலும் ஏறுவதில்லை, அதனால் இன்னொரு தடவை சொல்கிறேன். பத்து வருடம் மண்ணைப் பற்றி எழுதியதில் உங்களுக்கு இரண்டு விஷயம் கிடைத்திருக்கிறது. ஒன்று, மண்ணைப் பற்றிய அறிவு. இன்னொன்று, வாசகர் உங்கள்மேல் வைத்த நம்பிக்கை. நீங்கள் மருந்துக்குத் தாவும்போது அறிவு தோட்டத்திலேயே நின்றுவிடுகிறது, நம்பிக்கை மட்டும் கூடவே வருகிறது. வாசகருக்கு அந்த வேலி தெரியாது. 'இவர் உரத்தில் தப்பாகச் சொன்னதே இல்லையே' என்று மாத்திரையைப் பொடிப்பார். தடுமாறி எழுதுகிறவர் பரவாயில்லை, அந்தத் தடுமாற்றமே வாசகரை யோசிக்கவைக்கும். உங்களைப் போல வழுக்கிக்கொண்டு போகிற நடைதான் ஆபத்து. எந்த இடத்திலும் கால் இடறாது, அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது.

இதில் பெரிய மூளைகளுக்கும் விதிவிலக்கு இல்லை. லைனஸ் பாலிங் 1954இல் வேதியியலுக்கும் 1962இல் அமைதிக்கும் நோபல் வாங்கியவர். 1970இல் வைட்டமின் சி சளியைத் தடுக்கும் என்று புத்தகம் எழுதினார், பிறகு அதைப் புற்றுநோய் வரை நீட்டினார். அமெரிக்காவின் மாயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வாளர்கள் புற்றுநோயாளிகளிடம் சோதித்து 1979இலும் 1985இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். பலன் எதுவும் தெரியவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அவ்வளவு தூரம் பரவியிருக்குமா?

சரி, அப்படியானால் அவரவர் வேலிக்குள்ளேயே கிடக்க வேண்டுமா? அதையும் நான் சொல்லவில்லை. ஐந்து வருடமாக ஒரே கட்டுரையைத் தலைப்பு மாற்றி அனுப்புகிறவர்கள் என்னிடம் இருக்கிறார்கள். முதல் வரியைப் பார்த்தாலே கடைசி வரியை நான் எழுதிவிடுவேன். அவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், தயவுசெய்து எங்காவது போய்விட்டு வாருங்கள். வாசகர் ஓடிவிடுவாரே என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. சிலர் போவார்கள், சிலர் புதிதாக வருவார்கள், அவ்வளவுதான்.

போவதென்றால் டார்வின் மாதிரிப் போங்கள். பரிணாமத்துக்குப் பெயர் போன மனிதர், 1881இல் மண்புழுவைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். ஆனால் அதே மண்புழுவைப் பற்றி 1837லேயே கட்டுரை வாசித்தவர் அவர். புழுவுக்குக் காது கேட்குமா என்று பார்க்கப் பியானோவும், பசூன் என்ற ஊதுகுழலும் அதன் அருகில் வாசிக்கவைத்தார். நாற்பது வருடம் போக வேண்டாம். நாற்பது நிமிடமாவது படிக்கலாமே!

நடையை மாற்றுவது இந்த அளவுக்கு ஆபத்தில்லை, சங்கடம்தான். நகைச்சுவையாக எழுதுகிறவர் திடீரென்று சோகமாக எழுத உட்கார்ந்தால், முதல் அறிகுறியாக வாக்கியங்கள் நீளும், பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் அடைமொழி வந்து உட்காரும். இரவல் சட்டை, வேறென்ன. எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், உங்கள் வாயில் வராத வார்த்தையை வெட்டிவிடுங்கள். பொருளையும் நடையையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது சொதப்பியது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

புதுத் துறைக்குள் போனால், இது எனக்குப் புதிது என்று முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். மருந்தின் அளவு, சட்டப் பிரிவு, வரிக் கணக்கு, மின்சார வேலை இதெல்லாம் வந்தால் அந்தத் துறைக்காரர் ஒருவரிடம் காட்டாமல் அனுப்பாதீர்கள். நண்பரிடம் அல்ல, துறைக்காரரிடம். பாட்டி சொன்னது நினைவுக் குறிப்புக்கு நல்ல சரக்கு, மருத்துவக் குறிப்புக்கு ஆகாது. அப்புறம், ஓரத்தில் நான் போடும் கேள்விக்குறியைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். உங்கள் வாசகர் கேட்க முடியாத கேள்வி அது, அவருக்குப் பதிலாக நான் கேட்கிறேன்.

தோட்டக்காரர் அந்த வரியை எடுத்துவிட்டார், இரண்டு நாள் பேசவில்லை. நேற்று அவரே கூப்பிட்டார். அடுத்தது தேனீ வளர்ப்பாம். கொட்டினால் என்ன செய்வது என்ற பகுதியை மட்டும் முதலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.