சமையலறைச் சுவரில் கைவைக்கும் முன்

"சார், மாடி பெட்ரூம் கதவு சாத்த மாட்டேங்குது."

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்த போன் இது. தாம்பரம் பக்கம், 1984-ல் கட்டிய வீடு. கீழே சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டு ஓபன் கிச்சன் ஆக்கும் வேலை அன்று காலையில்தான் தொடங்கியிருந்தது. கீழே சுவர் போகப் போக மேலே கதவு இறுகுகிறது என்றால், தளம் தொய்கிறது என்று அர்த்தம். "இடிக்கிறத நிறுத்துங்க, எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால், 10 அடி நீளச் சுவரில் பாதி இல்லை. கூரையின் அடியில், சுவர் இருந்த கோட்டிலேயே தலைமுடி கனத்தில் ஒரு விரிசல். மாடியில் அதே கோட்டுக்கு நேர் மேலே இன்னொரு ஒன்பது இன்ச் சுவர் நிற்கிறது. அதைப் போய் யாருமே பார்க்கவில்லை.

ஆசையில் எந்தத் தப்பும் இல்லை. அந்த வீட்டு அம்மாவுக்கு வயது 68. "நாப்பது வருஷமா சுவத்தப் பாத்துக்கிட்டே சமைக்கிறேன் தம்பி. ஹால்ல எல்லாரும் சிரிக்கிற சத்தம் மட்டும் கேக்கும், எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு தெரியாது" என்றார். அவருக்காகத்தான் மகன் இந்த வேலையை எடுத்திருக்கிறார். இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? ஆனால் அந்தச் சுவருக்கு வேறொரு வேலையும் இருந்தது.

80-களில் கட்டிய தனி வீடுகளில் பெரும்பாலும் தூண் கிடையாது. ஒன்பது இன்ச் செங்கல் சுவர்தான் தளத்தைத் தாங்குகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 அடி நீளம், 10 அடி உயரத்தில் ஒன்பது இன்ச் சுவர் என்றாலே சுமார் 4 டன். அதன் இரு பக்கமும் 12 அடி அகல அறைகள் இருந்தால், ஒவ்வொரு தளத்திலிருந்தும் 5 டன்னுக்குக் குறையாமல் அந்தச் சுவர் மேல் இறங்கும். மாடிச் சுவர், மாடித் தளம், மொட்டை மாடி எல்லாம் சேர்த்தால் 15 டன்னை நெருங்கும். அதற்கு மேல் தண்ணீர்த் தொட்டி இருந்தால், ஆயிரம் லிட்டருக்கு இன்னொரு டன்.

இன்னொரு விஷயம், கம்பி. நடுச்சுவர் மேல் தொடர்ந்து போகும் தளத்தில், சுவருக்கு நேர் மேலே முக்கியக் கம்பிகள் தளத்தின் மேல்பக்கம் இருக்கும். கிராங்க் அடித்து, அதாவது கம்பியைச் சாய்வாக வளைத்து, மேலே தூக்கிவிடுவார்கள். அந்த இடத்தில் தளம் மேல்பக்கம்தான் விரிய வரும் என்பதால் அப்படி. சுவரை எடுத்துவிட்டால் அதே இடம் நடுப்பகுதி ஆகி, அடிப்பக்கம் விரிய ஆரம்பிக்கும். அங்கே போதுமான கம்பி இல்லை. "இத்தனை வருஷம் நின்ன தளம், ஒண்ணும் ஆகாது" என்று மேஸ்திரி சொல்லும் தைரியம் இந்த இடத்தில் செல்லாது.

சுவரைத் தட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கதவு நிலைப் பக்கம் டேப் வைத்து அளந்தால், பூச்சோடு 10 இன்ச் வந்தால் அது ஒன்பது இன்ச் சுவர். 5, 6 இன்ச் வந்தால் நாலரை இன்ச் தடுப்புச் சுவர். நாலரை என்றாலும் உடனே சம்மட்டியைத் தூக்க வேண்டாம். மாடிக்குப் போய் நேர் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். லாஃப்ட் எதில் உட்கார்ந்திருக்கிறது, கரண்ட் பைப்பும் தண்ணீர் லைனும் எங்கே ஓடுகின்றன என்றும் பார்க்க வேண்டும். அடுக்குமாடியில் பீமும் பில்லரும் இருப்பதால் நடுச்சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்புதான். ஆனால் சமீபத்திய பெரிய அடுக்குமாடிகள் பலவற்றை மைவான் முறையில் கட்டுகிறார்கள். அங்கே செங்கலே இருக்காது, சுவரே கான்கிரீட், சுவரே தூண். அதில் ஒரு ஜன்னல் அளவுக்குக்கூடக் கைவைக்கக் கூடாது.

அன்று ராத்திரியே இரும்பு ஜாக்கிகளை வாடகைக்கு எடுத்து, இருபுறமும் வரிசையாக நிறுத்தி, மேலே மரச்சட்டம் கொடுத்துத் தளத்தைத் தாங்கினோம். பிறகு வரைபடம் போட்டு, சுவரின் இரு முனையிலும் ஒன்றரை அடி விட்டுவிட்டு, நடுவில் 7 அடி திறப்பு என்று முடிவு செய்தோம். திறப்புக்கு மேலே பீமாக இரண்டு இரும்புச் சேனல். பீமின் முனை நேராகச் செங்கல் மேல் உட்கார்ந்தால் செங்கல் நசுங்கும். அதனால் இரு பக்கமும் கான்கிரீட் மெத்தை. பீமுக்கும் தளத்துக்கும் நடுவில் கிரவுட் எனப்படும் சுருங்காத சிமென்ட் கலவையை நிரப்பி, அது இறுகிய பிறகுதான் ஜாக்கியைக் கழற்றினோம். முதலிலேயே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டிருந்தால், செலவில் பாதிகூட ஆகியிருக்காது.

புகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் தாளிப்புக்கும் மீன் வறுவலுக்கும் காகிதப்பூப் போட்ட ஷோரூம் கிச்சன் தாங்காது. சிம்னியின் குழாய் சுவரைத் துளைத்து வெளிக்காற்றுக்குப் போக வேண்டும். குழாய் 6 இன்ச், வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. புகையை வடிகட்டி உள்ளேயே திருப்பி விடும் வகை நம் சமையலுக்குப் போதாது.

கேஸ் விஷயத்தில் மக்கள் கவனிக்காத ஒன்று, ஹால் ஃபேன். சுவர் போனதும் அந்தக் காற்று நேரே அடுப்புக்கு வரும். சிம்மில் பால் வைத்துவிட்டுத் திரும்பினால் தீ அணைந்திருக்கும், கேஸ் வந்துகொண்டே இருக்கும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி சோஃபாவுக்கு அடியில் தேங்கும். தீ அணைந்தால் தானே கேஸை மூடும் அடுப்பு கடைகளில் கிடைக்கிறது, ஓபன் கிச்சனுக்கு அதையே வாங்குங்கள். தரையை ஒட்டி வெளிச்சுவரில் ஒரு காற்றுத் துவாரம் விடுங்கள். வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் 1906-க்குப் போன் செய்யுங்கள்.

தாம்பரத்து வீட்டில் அந்த 7 அடித் திறப்புக்கு நகரும் கண்ணாடிக் கதவு போட்டோம். அது அந்த அம்மா சொன்ன யோசனை. அடுப்பை ஹாலைப் பார்த்தபடி திருப்பி வைத்தோம். போன மாதம் விரிசல் பார்க்கப் போயிருந்தேன், புதிதாக எதுவும் இல்லை. அம்மா மேடைமேல் முறத்தை வைத்து அவரைக்காய் நறுக்கியபடி பேரனிடம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தார். "கருவாடு வறுக்கும்போது மட்டும் கதவச் சாத்திக்குவேன் தம்பி" என்றார். மாடி பெட்ரூம் கதவையும் ஒரு தடவை சாத்திப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.